மாடத்தி இழுக்காத கோடு

மார்பிள் சுவர் என்றால் உச்சிமாகாளிதான் என்று சங்கரன்கோவிலில் பேர் இருந்தது. பெயிண்டுக் கடைகளில் அவனை ‘மார்பிள் உச்சி’ என்பார்கள். சாதாரணச் சுவரைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, வெள்ளை எனாமல் பூசி, அதில் சாம்பல் நிறத்தில் ரேகைகள் ஓடவிடுவான். பார்க்க வருகிறவர்கள் சுவரில் கையை வைத்துக் குளிர்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். எண்பதுகள் பிறந்தபோது, கையில் நாலு காசு சேர்ந்த வியாபாரிகளுக்கு வீட்டு முன்ஹாலை இப்படி ஆக்கிப் பார்ப்பதில் ஓர் ஆசை இருந்தது. நிஜக் கல்லை வடக்கேயிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்குவது எல்லோராலும் ஆகிற காரியமா?

ஆனால் அந்த ரேகைகளில் ஒன்றைக்கூட உச்சிமாகாளி வரைந்ததில்லை. எல்லாம் அவன் மனைவி மாடத்தி வரைந்தவை.

உச்சிமாகாளி காரைக்குடிப் பக்கம் இரண்டு வருஷம் இருந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவன். சுவரின் மேடுபள்ளத்தை மாவு பூசிச் சமன்செய்கிற பட்டி வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சுவரில் பல்லி ஏறினால் வழுக்கும். கோடுதான் அவனுக்கு வரவில்லை. முதல் முதலாகத் திருவேங்கடத்தில் ஒரு வீடு ஒப்புக்கொண்டான். அவன் வரைந்ததெல்லாம் பள்ளிக்கூட மேப்பில் ஆறு ஓடுவது போல இருந்தது. இரண்டு நாள் வரைவதும் துடைப்பதுமாகப் போயிற்று. மூன்றாம் நாள் அவன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், பெயிண்டு கலக்கிக் கொடுக்க வந்த மாடத்தி கோழி இறகை எடுத்தாள்.

கல்வெட்டு வெட்டுகிற கடைக்காரர் தூர எறிந்த மார்பிள் துண்டு ஒன்றை அவள் ஒரு மாதமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் ஓடும் ரேகை ஆறு மாதிரி இல்லை என்று அவளுக்குப் பட்டிருந்தது. எங்கிருந்தோ தொடங்குகிறது, தடிக்கிறது, அறுந்துபோகிறது, கொஞ்சம் தள்ளி, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி தொடங்குகிறது. இறகைச் சாம்பல் பெயிண்டில் நனைத்து, நுனியில் பிடித்து, இழுக்கும்போதே உருட்டினாள். ஈரம் காய்வதற்குள் உலர்ந்த பிரஷ்ஷால் ஓரத்தைக் கலைத்துவிட்டாள்.

டீ குடித்துவிட்டு வந்த உச்சிமாகாளி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய் வாசல் கதவைச் சாத்தினான்.

அன்றிலிருந்து ரேகை போடுகிற நாளில் கதவு சாத்தியே இருக்கும். “தூசி வந்து ஒட்டிரும் அண்ணாச்சி” என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுவான். வெளியே இருக்கிறவர்களுக்கு மாடத்தி, டப்பா கழுவுகிற சித்தாள். இதில் அவளுக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. வீட்டுக்குள் வந்து சுவரை அழகு செய்து கொடு என்று ஒரு பொம்பளையை எவன் கூப்பிடப்போகிறான் என்று அவளே நினைத்தாள். அப்படி ஆறு வருஷம் ஓடிவிட்டது.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம், வத்தல், பயறு வகைகளுக்கு மண்டி வைத்திருந்த தங்கப்பழம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அவருடைய மகள் கோமதித்தாய்க்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. மாசியில் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைக்க முன்அறை போதாது என்று, கீழ்வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவே நின்ற சுவரை எடுத்துவிட்டு ஒரே ஹாலாக ஆக்கியிருந்தார். மாடியைத் தாங்குவதற்குக் கொத்தனார் கருத்தப்பாண்டி குறுக்கே ஒரு காங்கிரீட் உத்தரம் போட்டிருந்தார். உத்தரத்தின் ஒரு தலை புதுத் தூணில் உட்கார்ந்தது. மறுதலை, அண்ணாச்சியின் தாத்தா காலத்து மேற்குச் சுவரில். மாடியில் அந்த வருஷத்து உளுந்து, நூறு மூட்டைக்கு மேல், விலை ஏறட்டும் என்று அடுக்கியிருந்தது.

மூன்று வாரம் வேலை நடந்தது. மேற்குச் சுவரில் உத்தரத்தின் தலைக்குக் கீழே, வலது மூலையை மட்டும் மாடத்தி ஒன்றும் வரையாமல் வெள்ளையாக விட்டாள். எந்தச் சுவரிலும் ஓர் இடத்தை அப்படி விடுவது அவள் வழக்கம். எல்லா இடத்திலும் கோடு இருந்தால் பார்க்கிறவனுக்குக் கண் களைத்துவிடும் என்பாள்.

வேலை முடிந்து கணக்குத் தீர்ந்து அவர்கள் கிளம்பியாயிற்று. நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால், பீரோவை நகர்த்தும்போது சுவரில் உரசிவிட்டது, வந்து சரிபண்ணிக் கொடுங்கள் என்று மறுபடி ஆள் வந்தது. இரண்டு பேரும் போனார்கள்.

கீழே உரசலைப் பார்த்துக்கொண்டிருந்த மாடத்தி தற்செயலாகத் தலையை உயர்த்தினாள். வெள்ளையாக விட்ட மூலையில் ஒரு கோடு இருந்தது.

உத்தரத்தின் அடியிலிருந்து சாய்வாகக் கீழே இறங்கி, நடுவில் ஒரு முறை மடங்கி, முழ நீளத்துக்கு ஓடியது. முதலில் அவளுக்குச் சந்தேகமே தன் மேல்தான் வந்தது. நாமே போட்டுவிட்டு மறந்துவிட்டோமோ? ஏணியைச் சாத்தி ஏறினாள். நகத்தை வைத்தாள். நகம் உள்ளே போனது.

“இந்தாங்க, கொஞ்சம் ஏறி வாங்களேன்.”

உச்சிமாகாளி ஏறிப் பார்த்தான். “பெயிண்டு காயும்போது வெடிச்சிருக்கும்ட்டி.”

“பெயிண்டு வெடிச்சா நகம் போவுமா? செவுருல வெடிச்சிருக்கு.”

அவன் பதில் சொல்வதற்குள் தங்கப்பழம் உள்ளே வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “ஏலே உச்சி, மத்ததெல்லாம்கூட வரைஞ்சதுன்னு தெரியுதுடே. இந்த மூலையில ஒண்ணு விட்டிருக்கியே, இதுதாம்ல அசல் கல்லு!”

மாடத்தி புருஷனைப் பார்த்தாள். அவன் ஏணியைப் பார்த்துக்கொண்டு, “ஆமா மொதலாளி” என்றான்.

அவர் போனதும் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “எதுக்கு ஆமான்னீங்க?”

“வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத? நாளைக்கழிச்சு விசேஷம். புதுப் பெயிண்டு வெடிச்சுட்டுன்னா என்னயத்தான் கேப்பாரு. ரெண்டு கிளை இழுத்து விடு. தனியாத் தெரியாது.”

மாடத்தி இழுத்தாள். அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கிளைகள் வரைந்து, ஓரத்தைக் கலைத்து, அதையும் மற்றவற்றைப் போல ஒரு ரேகை ஆக்கிவிட்டாள். தன் வாழ்நாளில் தெரிந்தே செய்த ஒரு கெட்ட வேலை உண்டென்றால் அது இதுதான் என்று பிற்பாடு சொல்வாள். ஆனால் இறங்குவதற்கு முன் இன்னொன்றும் செய்தாள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, வெடிப்பின் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் வார்னிஷ் தொட்டு ஒட்டினாள். கோட்டின் அடிமுனையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். கீழே நிற்கிறவர்கள் கண்ணுக்கு இரண்டும் தெரியாது.

மறுநாள் காலையில் பட்டி பூசுகிற தகட்டை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு அவள் மட்டும் அந்த வீட்டுக்குப் போனாள். ஹாலில் யாரும் இல்லை. ஏணி இன்னும் சாத்தியே கிடந்தது. ஏறினாள்.

தாள் நடுவில் கிழிந்திருந்தது. கோடு பென்சில் புள்ளியைத் தாண்டி ஒரு சாண் கீழே வந்திருந்தது.

தலைக்கு மேலே மாடியில் யாரோ மூட்டையை இழுக்கிற சத்தம் கேட்டது.

கருத்தப்பாண்டி அடுத்த தெருவில் ஒரு வேலையில் இருந்தார். மாடத்தி ஓடிப்போய் அவரைக் கையோடு கூட்டிவந்தாள். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். பழைய சுண்ணாம்புப் பூச்சு. பாறை மாதிரி சத்தம் கொடுத்தது.

“வெடிப்பு எங்கன இருக்கு? இது ஒன் புருசன் போட்ட டிசைனுல்லா?”

“இல்ல மேஸ்திரி. அது டிசைனு இல்ல.”

பேச்சுச் சத்தம் கேட்டுத் தங்கப்பழம் வந்தார். வெடிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் கறுத்தது. உச்சிமாகாளியைக் கூட்டிவர ஆள் போயிற்று. அவன் வந்து நின்றதும் கருத்தப்பாண்டி நேரடியாகக் கேட்டார்.

“வே, இந்தக் கோடு நீரு போட்டதா இல்லையா? மொதலாளி முன்னால சொல்லும்.”

உச்சிமாகாளி சுவரைப் பார்த்தான், மாடத்தியைப் பார்த்தான். போடவில்லை என்று சொன்னால், அப்படியானால் நேற்று ஏன் ஆமாம் என்றாய் என்பார்கள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் எல்லாம் வந்துவிடும்.

“நான் போட்டதுதான்” என்றான்.

கருத்தப்பாண்டி சிரித்தார். “நான் போட்ட உத்தரத்து மேல ரெண்டு மாட்டு வண்டிய ஏத்தி ஓட்டலாம் அண்ணாச்சி. நீங்க போயி விசேஷ வேலையப் பாருங்க.”

தங்கப்பழம் மாடத்தியிடம் திரும்பி, கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார். “நல்ல காரியம் நடக்கப்போற வீடும்மா இது. வெடிப்பு கிடிப்புன்னு வாயில வரக்கூடாது. போ.”

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு முற்றியது.

“நாளைக்கு அந்த ஹாலுக்குள்ள எத்தன பேரு உக்காருவாவன்னு தெரியுமா உங்களுக்கு? அந்தச் செவுருப் பக்கந்தான் ஃபேன் இருக்கு. பொம்பளைகளும் பிள்ளைகளும் அங்கனதான் உக்காருவாவ.”

“மேஸ்திரி பாத்துட்டு ஒண்ணுமில்லேங்காரு. அவரவிட நீ படிச்சவளா?”

“அவருக்குக் கோடு எது வெடிப்பு எதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.”

உச்சிமாகாளி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான். “நான் இல்லேன்னு சொன்னா, அப்ப மத்ததெல்லாம் யாரு போட்டதும்பாவ. திருவேங்கடத்துல, புளியங்குடியில, இத்தன வீட்டுல போட்டது யாரும்பாவ. நான் தெருவுல தலை காட்டணுமா வேண்டாமா?”

அவன் கேட்டது நியாயம்தான் என்று மாடத்திக்குத் தோன்றியது. கண்ணை மூடினால் அந்தக் கிழிந்த தாள் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை தங்கப்பழம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து வேன் வந்து இறங்கியது. இருபத்தைந்து பேர் இருப்பார்கள். உச்சிமாகாளியையும் அண்ணாச்சி வரச்சொல்லியிருந்தார்; சுவரைக் காட்டும்போது ஆளையும் காட்ட வேண்டும் என்று அவருக்கு விருப்பம். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹால் வாசலில் நின்றான். அவனுக்குத் தெரியாமல் மாடத்தி பின்பக்கமாக வந்தாள். பட்டித் தகட்டை இடுப்பில் செருகியிருந்தாள்.

அடுப்படி வாசலில் அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மாள் பலகாரத் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“யம்மா, ஒரு வார்த்த. அந்த மேக்குச் செவுருப் பக்கம் யாரையும் உக்கார வைக்காதீக. பந்தல்ல வச்சே முடிச்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“நேத்தே ஒங்கிட்ட சொன்னாவல்லா? இன்னைக்கும் வந்து அதையே சொல்லுதியே. போடி அங்கிட்டு!” இசக்கியம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாடத்தி ஹாலுக்குள் எட்டிப் பார்த்தாள். நினைத்தபடியே மேற்குச் சுவரை ஒட்டி ஜமுக்காளத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பத்துப் பன்னிரண்டு பேர், மடியில் பிள்ளைகளோடு. நல்லாத்தான் இருக்கு, நிசமாவே கல்லு மாதிரி, என்று ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்த ஒரு வயதான அம்மாளின் பட்டுச் சேலைத் தோளில் வெள்ளையாகத் தூள் கிடந்தது. அந்த அம்மாள் தட்டிவிட்டாள். மறுபடி விழுந்தது.

மாடத்தி உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மேளச் சத்தத்தில் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்தது. பூச்சுக்கு உள்ளே, சுவருக்குள், பொலபொலவென்று ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் எந்திரிங்க” என்றாள். யாரும் கவனிக்கவில்லை. “எந்திரிங்க தாயி, பிள்ளையத் தூக்குங்க!” என்று கத்தினாள். பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்களே தவிர எழவில்லை.

மாடத்தி இடுப்பிலிருந்த தகட்டை எடுத்தாள். கோட்டின் அடிமுனை இப்போது அவள் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதில் தகட்டைச் செருகி, இரண்டு கையாலும் அழுத்தித் திருகினாள்.

முறத்தின் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து ஜமுக்காளத்தில் விழுந்தது. பின்னாலேயே செம்மண் கொட்டியது. நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. ஓட்டைச் சாக்கிலிருந்து கொட்டுவதுபோலக் கொட்டிக்கொண்டே இருந்தது.

பெண்கள் அலறிக்கொண்டு பாதி எழுந்தார்கள். அண்ணாச்சியின் தம்பி சங்கரசுப்பிரமணியன் பாய்ந்து வந்து மாடத்தியின் கையைப் பிடித்து முறுக்கி இழுத்தான். “கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு?” மேளம் நின்றது.

“நல்லா இருந்த செவுரக் குத்திக் கெடுத்துட்டாளே பாவி!” கருத்தப்பாண்டி ஓடிவந்தார். “ஒண்ணுமில்ல, மேல்பூச்சுதான் விழுந்திருக்கு. உக்காருங்க, உக்காருங்க.”

தங்கப்பழத்தின் கை ஓங்கியபடி நின்றது. அப்போது மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகச்சாமி முன்னால் வந்தார். வாசுதேவநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கிறவர், அதிகம் பேசாதவர். கொட்டுகிற மண்ணையும் மேலே இருந்த கோட்டையும் பார்த்தார்.

“இந்தப் பிள்ள என்ன சொல்லுது?”

“அது டிசைனு இல்ல, வெடிப்புங்கா” என்றார் கருத்தப்பாண்டி. “போட்டவன் இங்கனதான் நிக்கான். நான்தான் போட்டேன்னு நேத்து எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கான். ஏலே உச்சி, இங்க வா. சொல்லு.”

உச்சிமாகாளி வாசலிலிருந்து உள்ளே வந்தான். அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். மாடத்தியின் கை இன்னும் சங்கரசுப்பிரமணியன் பிடியில் இருந்தது. அவள் இவன் முகத்தைப் பார்க்கவில்லை, மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் போடல” என்றான்.

“என்ன?”

“இந்தச் செவுருல ஒரு கோடுகூட நான் போடல மொதலாளி. எந்தச் செவுருலயும் போட்டதில்ல. எல்லாம் இவ போட்டது. எனக்கு வராது.” அவன் மாடத்திக்கு நேரே கையை நீட்டினான். “அவ போடலேன்னு சொன்னா அது கோடு இல்ல. வெளிய போயிருங்க. சாமி, எல்லாரும் வெளிய போயிருங்க.”

ஆறுமுகச்சாமி தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு, “பிள்ளைகளத் தூக்குங்க. செருப்ப எல்லாம் பாக்க வேண்டாம், நடங்க” என்றார். அவர் சொல்லுக்குக் கூட்டம் அசைந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நெருக்கினார்கள்.

மணப்பெண் கோமதித்தாய் உள்ளறையில் இருந்தாள். அவளைக் கூட்டிவர ஹாலைக் கடக்க வேண்டும். மாடத்தி கையை உதறிக்கொண்டு, கிழக்குச் சுவரை ஒட்டியே ஓடினாள். உள்ளே பெண்ணும் தோழிகள் இருவரும் என்ன சத்தம் என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். “கேக்காதட்டி, வா” என்று கோமதித்தாயின் கையைப் பிடித்து, அடுப்படி வழியாக இசக்கியம்மாளையும் தள்ளிக்கொண்டு, பின்முற்றம் தாண்டிச் சந்துக்கு இழுத்துப்போனாள்.

எல்லோரும் தெருவுக்கு வந்தாகிவிட்டது. ஐந்து நிமிஷம் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. கருத்தப்பாண்டி ஏதோ முணுமுணுத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தி, நல்ல நேரம் போகுதே என்றாள். “வெள்ளித் தட்டு உள்ள கெடக்கு” என்று சொல்லிக்கொண்டு சங்கரசுப்பிரமணியன் படியேறினான். உச்சிமாகாளி அவனைப் பிடிக்கப் போவதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.

அவன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பும்போது உத்தரத்தின் மேற்குத் தலை இறங்கியது. அவ்வளவு பெரிய சத்தம் வரவில்லை. பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்குவதுபோல ஒரு முனகல். அதற்குப் பின்னால்தான் மாடித் தளம் உடைந்து மூட்டைகள் வந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து வெடித்தன. ஹால் வாசல் வழியாகக் கறுப்பு உளுந்து தெருவுக்கு ஓடிவந்து நின்றவர்கள் காலை மூடியது. தூசி அடங்கியபோது சங்கரசுப்பிரமணியன் வாசற்படியில் கவிழ்ந்து கிடந்தான். வலது பாதத்தின் மேல் செங்கல் விழுந்து நசுங்கியிருந்தது. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பெண்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளம் கண்ணுக்கே தெரியவில்லை.

தங்கப்பழம் தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அத்தைமார் இரண்டு பேர், இது சகுனம் சரியில்லை, வேனில் ஏறுவோம் என்று ஆரம்பித்தார்கள். ஆறுமுகச்சாமிக்கு அன்று முதல் முறையாகக் கோபம் வந்தது. “இருபது உசுரு தப்பிச்சு நிக்கு. இதப் போயி கெட்ட சகுனம்னு எவன் சொல்லுவான்? நேரம் முடிய இன்னும் அரை மணி கெடக்கு. எதுத்த வீட்டு முத்தத்துல ஒரு பாய விரிங்க.” அங்கேயே தாம்பூலம் மாற்றினார்கள். கோமதித்தாய் தலையில் செம்மண்ணோடு வந்து நமஸ்கரித்தாள்.

மாடத்தியோடு யாரும் பேசவில்லை. அவளும் உச்சிமாகாளியும் பின்சந்து வழியாக வீட்டுக்கு நடந்தார்கள்.

ஊர் அவளைக் கொண்டாடியிருக்கும் என்று நினைத்தால் தப்பு. சுவர் தானாக விழவில்லை, அவள் தகட்டை விட்டுக் கிண்டியதால்தான் விழுந்தது என்று கருத்தப்பாண்டி போகிற இடமெல்லாம் சொன்னார். பழைய சுவருக்குள் கல்லே இல்லை, வெறும் மண்ணும் கூழாங்கல்லும்தான் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சுதான் ஊரில் நிலைத்தது. மாடத்தி கைவைத்தால் சுவர் விழும் என்றார்கள். பொண்டாட்டி போட்ட கோட்டில் பேர் வாங்கினவன் என்று அவனைச் சிரித்தார்கள். எட்டு மாதம் ஒரு வீட்டில்கூட மார்பிள் வேலைக்குக் கூப்பிடவில்லை. உச்சிமாகாளி பவர்லூம் கொட்டகைகளுக்கு வெள்ளையடிக்கப் போனான். சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்றது. மாடத்தி சாயங்காலத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள்.

அப்படித் தடவிக்கொண்டிருந்த ஒருநாள் கேட்டாள். “சொன்னதுல வருத்தமா?”

“ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னேம்லா, அதுலதான்” என்றான்.

ஐப்பசியில் வாசுதேவநல்லூரிலிருந்து ஓர் ஆள் வந்தான். வாசலில் நின்று, “செவுருல மார்பிள் போடுத அக்கா வீடு இதுதானா?” என்று கேட்டான். கோமதித்தாய் வைகாசியிலேயே கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே கட்டுகிற புது ஹாலுக்கு மாடத்திதான் வர வேண்டும் என்று மாமனாரிடம் அவளே சொல்லியிருக்கிறாள்.

இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் போனார்கள். தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் மாடத்தி மேல்மாடியைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆறுமுகச்சாமி சிரிக்காமல் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு கட்டிலும் காயப்போட்ட தேங்காயும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. உச்சிமாகாளி பதினைந்து நாள் பட்டி பார்த்து எனாமல் அடித்தான். ரேகை போடுகிற நாள் வந்தது. வழக்கப்படி அவன் கதவைச் சாத்தப் போனான்; பிறகு கையை எடுத்துவிட்டான். வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார்கள்.

அன்று மாடத்திக்குக் கை ஓடவே இல்லை. இத்தனை கண்கள் பார்க்க அவள் ஒருநாளும் இறகைப் பிடித்ததில்லை. நாலு தடவை இழுத்து நாலு தடவையும் துடைத்தாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற உச்சிமாகாளி, “சாப்பிட்டுட்டு வந்து பாப்போம், இறங்கு” என்றான். சாப்பிட்டுவிட்டு வந்த பிறகும் ஒரு கோடு கெட்டது. ஆறாவது கோடு சரியாக அமைந்தது. கோமதித்தாய் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அதற்குப் பிறகு ராயகிரியில் ஒரு வீடு வந்தது. பிறகு சிவகிரி, பிறகு சங்கரன்கோவிலிலேயே இரண்டு. கூப்பிட வருகிறவர்கள் மாடத்தியைக் கேட்டுத்தான் வந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது முதலில் விசித்திரமாக இருக்கும். உச்சிமாகாளி, “அவகிட்டப் பேசுங்க, நான் பட்டி பாக்குதவன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். தங்கப்பழம் வீட்டை இடித்துக் கட்டினார். புது ஹாலில் வெறும் சுண்ணாம்புதான் அடித்தார். இவர்களைக் கூப்பிடவில்லை. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை நேருக்கு நேர் வந்தவர் ஒதுங்கிப் போய்விட்டார்.

எண்பத்தைந்தில், ஒரு மத்தியானம், இசக்கியம்மாள் தனியாக மாடத்தி வீட்டுக்கு வந்தாள். மாடத்தி கிணற்றடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பாயை விரித்தாள். இசக்கியம்மாள் உட்கார்ந்தாள்; தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“அன்னைக்கு அடுப்படியில வச்சு நீ வந்து சொன்னே” என்று ஆரம்பித்தாள். மேலே போகவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“விடுங்கம்மா. நல்ல நாளும் அதுவுமா வந்து சொன்னா யாருதான் கேப்பா?”

“மகளுக்கு ரெண்டாவதா ஆம்பளப் பிள்ள பொறந்திருக்கு. பாக்கப் போயிட்டிருக்கேன். அங்கனதான் இருக்கா, நீ கோடு போட்ட அந்த ஹாலுல, தொட்டில் கட்டி.” இசக்கியம்மாள் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள், சீனிக்கற்கண்டு. “ஒங்கிட்ட சொல்லிட்டுப் போவணும்னு தோணிச்சு.”

மாடத்தி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிள்ளை யார் சாயல் என்று கேட்டாள். இன்னும் பார்க்கவில்லை, அப்பனைப்போல மூக்காம், எடை குறைவாம் என்று இசக்கியம்மாள் சொன்னாள். பேச்சு பிள்ளைக்குக் கொடுக்கிற உரைமருந்து, கோமதித்தாய்க்கு ஆகாத கத்தரிக்காய் என்று போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை மணி பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று பதறி எழுந்தவளை, மாடத்தி ராஜபாளையம் ரோடு வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தாள்.